ஓய்வு பெற்ற துறைமுகப் பைலட் படகு: வாங்கியாயிற்று, வேலையை எங்கிருந்து தொடங்குவது?

நித்திரவிளைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், களியக்காவிளைக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஊரில் வசிக்கிறேன். துறைமுகம் ஒன்று பயன்பாட்டிலிருந்து நீக்கி ஏலத்தில் விட்ட பைலட் படகை (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டைக் கப்பலிடம் கொண்டு சேர்க்கும் படகு), முதலில் எடுத்த வியாபாரியிடமிருந்து நானும் என் மைத்துனரும் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். படகு இப்போது கொச்சிக் காயலோரத்தில் ஒரு தனியார் தளத்தில் கட்டிக் கிடக்கிறது. அதைச் சீர்செய்து கொல்லத்துக்குக் கொண்டுவந்து, என் மனைவியின் குடும்ப வீடு இருக்கும் அஷ்டமுடிக் காயலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். மார்கழி முதல் மாசி வரை கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் நீண்டகரை வழியாக வெளியே வந்து, விழிஞ்ஞம், குளச்சல் வரை கரையோரமாக ஓட்டிப் பார்க்கவும் ஆசை உண்டு.

படகின் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு உடல், நீளம் ஏறத்தாழ 13 மீட்டர், அகலம் 3.8 மீட்டர். மேலே உள்ள ஓட்டுநர் அறை அலுமினியம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. படகைச் சுற்றிலும் மோதலைத் தாங்கும் தடித்த ரப்பர் ஃபெண்டர் இருக்கிறது. ஓட்டுநர் அறையைச் சுற்றிக் கைப்பிடிக் குழாய்களும், முன்தளத்தில் பைலட் நின்று ஏணியைப் பிடிக்கும் மேடையும் அப்படியே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உடல் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் கடைசியாகப் பூசிய வண்ணம் மிகத் தடிமனாக இருப்பதால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

இந்த வகைப் படகின் மீது எனக்கு இருக்கும் மதிப்பையும் சொல்ல வேண்டும். 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகம் முறையாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பெரிய கொள்கலன் கப்பல்கள் எங்கள் கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில் வந்துபோகத் தொடங்கிவிட்டன. நிற்காமல் நகரும் அத்தனை பெரிய கப்பலின் பக்கவாட்டில் இத்தனை சிறிய படகு ஒட்டி ஓடுவதையும், அதிலிருந்து ஒரு மனிதர் கயிற்று ஏணியைப் பற்றி ஏறுவதையும் பார்த்தவர்களுக்கு, இந்தப் படகை வெறும் இரும்பு எடையாகக் கணக்கிட மனம் வராது. உடைப்புக்குப் போகவிருந்த ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றே இருவரும் நினைக்கிறோம், அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு. கையில் இருக்கும் பணம் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் போதாது என்பதால், முதல் செலவை உடலில் செய்வதா, எஞ்சினில் செய்வதா? இரண்டு எஞ்சின்களையும் வைத்துக்கொள்வது அவசியமா, ஒன்றைக் கழற்றிவிடலாமா? ஓட்டுநர் அறையின் கூரைமேல் தட்டு அமைத்து நாற்காலிகள் போட்டால் காயலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று மைத்துனர் சொல்கிறார், அது சரிப்படுமா? பதிவை எங்கே, எதன்கீழ் செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

கொச்சி யார்டு

ஐயா, நான் கொச்சியில் படகு பழுதுபார்க்கும் தளத்தில் இரும்பு வேலை மேற்பார்வை பார்ப்பவன். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால் முடிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்தப் படகு ஆண்டில் பெரும்பகுதி எந்தத் தண்ணீரில் நிற்கப்போகிறது? காயல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், கடலுக்கு எப்போதாவதுதான். அடியில் கட்டும் அனோடு (உடலுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டி), எஞ்சின், பதிவுச் சட்டம் எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை. ஆகவே மைத்துனரும் நீங்களும் அதை உறுதிசெய்துகொண்ட பிறகு முதல் ரூபாயைச் செலவிடுங்கள்.

அந்த முதல் ரூபாய் உடலுக்குத்தான். எஞ்சின் கெட்டால் கரையில் கட்டி வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அடித்தகடு ஓட்டையானால் பார்த்துக்கொள்ள எதுவும் இருக்காது.

பைலட் படகுக்கென்றே உரிய நோய் ஒன்று உண்டு, மீன்பிடிப் படகு பார்த்துப் பழகியவர்களின் கண்ணுக்கு அது உடனே படாது. அந்த ரப்பர் ஃபெண்டரை உடலில் பற்றவைத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே வைத்துப் போல்ட்டு போட்டிருப்பார்கள். ரப்பருக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் புகும், ஆனால் காய வழியில்லை. வண்ணம் பூசும்போது ரப்பரைக் கழற்ற யாருக்கும் நேரமும் இருப்பதில்லை. அதனால் வெளியே பளபளவென்று இருக்கும் படகின் தகடு, ஃபெண்டருக்குப் பின்னால் மட்டும் பாதியாகக் கரைந்திருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால், உள்ளே ஊதி அந்தப் பட்டைகளையே வெளியே தள்ளும். உங்கள் படகில் ஃபெண்டர் பட்டை ஏதாவது ஓர் இடத்தில் நேர்கோட்டை விட்டு விலகி அலைபோல வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைந்திருந்தால் அந்தப் பகுதி ரப்பரைக் கழற்றாமல் வேறு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது வங்குகள், அதாவது தகட்டை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டங்கள். கப்பலோடு ஒட்டும்போது படகு தன் முன்தோள்பட்டையை அதன்மீது சாய்த்து, எஞ்சின் விசையால் அழுத்திக்கொண்டு ஓடும். பைலட் ஏணியில் கால் வைக்கும் வரை அந்த அழுத்தத்தை விடக் கூடாது. பல ஆண்டுகள் நாள்தோறும் பலமுறை இதைச் செய்த படகில், அணியத்திலிருந்து (படகின் முன்முனை) நடுப்பகுதி வரை வங்குகளுக்கு இடையே தகடு உள்வாங்கியிருக்கும். தகடு உள்வாங்கியதால் மட்டும் ஆபத்தில்லை. உள்ளே மரப்பலகை மறைப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வங்கின் பக்கவாட்டில் தகட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். வங்கு நேராக நிற்காமல் ஒருபுறம் மடங்கியிருந்தாலோ, வங்கும் தகடும் சேரும் பற்றவைப்பில் முடிபோன்ற கறுப்புக் கோடு தெரிந்தாலோ, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

தகட்டின் தடிமனை அல்ட்ராசானிக் கருவியால் அளக்கலாம், நாள் வாடகைக்கு ஆள் கிடைப்பார்கள். அடிப்பகுதி முழுவதும் கட்டம் போட்டு அளக்கச் சொல்லுங்கள். நீர்க்கோடு, எஞ்சினுக்கு அடியில் நீர் தேங்கும் பள்ளமான பில்ஜ், கழிவறை இருந்த இடம், தண்டு வெளியே வரும் இடம் ஆகியவற்றில் நெருக்கமாக அளக்க வேண்டும். முதலில் போட்ட தடிமனில் 20 முதல் 25 விழுக்காடு வரை குறைந்த தகட்டை மாற்றுவதுதான் பொதுவான வழக்கம். மாற்றும்போது பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகட்டை அதே இடத்தில் பொருத்திப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பழையதன் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்டுப்போடுவது மலிவாக வரும், ஆனால் இரண்டு தகடுகளுக்கும் இடையில் துரு தொடர்ந்து வேலை செய்யும். சர்வேயர்களும் அதை நிலையான பழுதுபார்ப்பாக ஏற்க மாட்டார்கள். 5 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 39 கிலோவுக்குச் சற்று மேல் வரும். எத்தனை சதுர மீட்டர் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவுடன் இரும்புச் செலவை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

அலுமினிய அறை இரும்புத் தளத்தோடு சேரும் வரம்பையும் கவனியுங்கள். இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினியம்தான். போல்ட்டு துளைகளைச் சுற்றி வெள்ளை மாவு படிந்திருந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். அறையைச் சற்று உயர்த்தி, இடையில் நியோப்ரீன் பட்டை வைத்து, போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்க வேண்டும்.

அனோடு விஷயத்துக்கு வருகிறேன். கடலில் துத்தநாகம் நன்றாக வேலை செய்யும், நன்னீரில் அதன்மேல் படலம் படிந்து செயலற்றுப்போகும். மழைக்காலத்தில் இனிப்பாகவும் கோடையில் உப்பாகவும் மாறும் காயலில் நிற்கும் படகுக்கு அலுமினிய அனோடுதான் பொருத்தம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைமடித் தடை. உங்கள் குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை முழுவதும் 61 நாள். அந்த நாட்களில் இரு மாநில விசைப்படகுகளும் பழுதுபார்க்கக் கரையேறுவதால் எந்தத் தளத்திலும் உங்களுக்கு இடம் கிடைக்காது, கிடைத்தாலும் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அது வண்ணம் பூசும் காலம் அன்று. காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ, எப்பாக்சி வண்ணம் பூசக் கூடாது. மணல் வீச்சால் சுத்தம் செய்த இரும்பில் சில மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏற வேண்டும். இத்தனையும் ஒத்துவருவது டிசம்பர் முதல் மார்ச் வரைதான். இப்போதே தளத்தில் சொல்லி வையுங்கள்.

---

தூத்தூர் ஆழ்கடல்

அண்ணாச்சி, பக்கத்து ஊர்க்காரர் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன். எங்கள் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பலவும் கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்பவை. அவற்றின் எஞ்சின் வேலைதான் என் பிழைப்பு.

எஞ்சினைப் பற்றிச் சொல்வதற்கு முன், கொச்சி யார்டு நண்பர் விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். இரும்புப் படகில் அணியத்திலும் பின்பகுதியிலும் மூடியைப் போல்ட்டு போட்டு இறுக்கிய காலி அறைகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த அந்த அறைக்குள் துருப்பிடிக்கும் இரும்பு, உள்ளிருந்த காற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடை இருக்காது, மூச்சுத் திணறலும் முன்கூட்டித் தெரியாது. இறங்கியவர் அப்படியே மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் விழுவார். மூடியைத் திறந்து, ஊதுவிசிறியின் குழாயை அடிவரை இறக்கி நெடுநேரம் காற்றடித்து, மீட்டரில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு காட்டிய பிறகே ஒருவர் இறங்க வேண்டும். மேலே கயிற்றோடு ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். கூலி வாங்கி வரும் பையன்களை “எட்டிப் பார்த்துவிட்டு வா” என்று ஒருபோதும் அனுப்பிவிடாதீர்கள். அந்த அறைகளில் மிதப்புக்காக நுரைக்கட்டிகள் அடைத்திருந்தால், வெளியே பற்றவைக்கும் சூட்டில் அவை உள்ளே தீப்பிடிக்கும், நச்சுப் புகையும் வரும். வெல்டிங்குக்கு முன் அவற்றை வெளியே எடுத்தாக வேண்டும். பழைய படகாக இருந்தால் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டு அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் அறுக்கவோ பிய்க்கவோ கூடாது. அந்த வேலை தெரிந்த ஆளை அழைத்து அகற்றுங்கள்.

இறுகிய எஞ்சினைப் பார்ப்போம். ஸ்டார்ட்டரை அழுத்தி அதைச் சுற்ற வைக்க முயலவே வேண்டாம். பிஸ்டன் வளையம் உடைந்து, சிலிண்டரின் உட்சுவரான லைனரைக் கீறிவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, பல நாட்கள் ஊற விட்டு, பிறகு பாரையால் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசைந்துவிட்டால் பாதி வெற்றி. அசையாவிட்டால் ஹெட்டைத் திறந்து, எந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்கியது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்திருக்கும். ஆகவே எஞ்சினைச் சரிசெய்வதோடு குழாயின் வளைவு நீர்க்கோட்டுக்கு மேலே போதிய உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையேல் அடுத்த ஆண்டு அதே எஞ்சின் அதே காரணத்தால் இறுகும்.

ஓடுகிற எஞ்சினின் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வையுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்குள் ஓட்டை விழுந்து கடல்நீர் எண்ணெயில் கலந்திருக்கிறது. அதோடு படகை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். டீசல் டேங்கை ஆள்துளை வழியாகத் திறந்து அடியில் படிந்த கறுப்புச் சேற்றை முழுவதுமாக வழித்தெடுங்கள். டீசலுக்கு அடியில் தங்கும் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்ந்து உண்டாகும் சேறு அது. டேங்கின் அடித்தகட்டைப் பொத்தலாக்குவதும் அதுதான். படகு அலையில் ஆடும்போது அது கலங்கி ஃபில்டரை அடைக்கும், அதுவும் காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தைக் கடக்கும் நேரத்தில் அடைக்கும்.

ஒரு எஞ்சினா இரண்டா என்று கேட்டீர்கள். உங்கள் படகின் நீர்க்கோட்டு நீளம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீரைப் பிளந்து செல்லும் முறையில் அதன் இயல்பான உச்ச வேகம் சுமார் 8.4 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). அதைத் தாண்டிப் போகத்தான் துறைமுகத்தார் இரண்டு எஞ்சின் வைத்தார்கள். காயலில் 6 நாட்டுக்கு மேல் நீங்கள் போகப் போவதில்லை, போகவும் கூடாது. உங்கள் அலை சிறு வள்ளங்களையும் கரையையும் அடிக்கும். அந்த வேகத்துக்கு ஒரு எஞ்சினே அதிகம். எஞ்சினிலிருந்து 150 கிலோவாட் எடுத்தால் மணிக்கு 38 லிட்டர் அளவில் டீசல் போகும். மெதுவாகப் போகும்போது தேவைப்படும் விசை அதில் சிறு பங்குதான் என்பதால் செலவும் வெகுவாகக் குறையும். அதே சமயம், பெரிய டீசல் எஞ்சினை மூன்றில் ஒரு பங்குச் சுமைக்கும் கீழே மணிக்கணக்காக ஓட்டினால் லைனர் மெருகேறி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். அதற்காகவே ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் திறந்த நீர்ப்பரப்பில் சிறிது நேரம் முழுச் சுமையில் ஓட்டிச் சூடேற்ற வேண்டும்.

ஆனாலும் இரண்டாவதைக் கழற்றிவிடாதீர்கள். நீண்டகரைப் பொழியில் ஏற்ற இறக்க நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் மோதிக்கொள்ளும் நேரத்தில் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால், நங்கூரம் பிடிப்பதற்குள் கல்லில் இருப்பீர்கள். காயலில் ஒன்று, கடலில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஓட்டும்போது மற்றதன் புரொப்பெல்லர் தண்ணீரின் வேகத்தில் தானே சுற்றும். எஞ்சின் நின்றிருக்கையில் எண்ணெய் பம்பும் நின்றிருப்பதால் சில கியர்பாக்ஸ்கள் அதில் கருகிவிடும். உங்கள் கியர்பாக்ஸ் அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள், தாங்காதென்றால் தண்டைப் பூட்டி வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

---

கொல்லம் கலன் வடிவமைப்பு

வணக்கம் சார். நான் சிறு கலன்களின் நிலைத்தன்மைக் கணக்குப் பார்க்கும் பொறியாளர். சொந்த ஊர் செங்கோட்டை, திருமணமாகிக் கொல்லத்தில் இருக்கிறேன். மேல்தட்டு, பதிவு ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மேல்தட்டு வேண்டாம். உங்கள் மைத்துனரிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடலாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்களும் உண்டு. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தார்கள். அங்கே கவிழ்ந்தது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியமைத்த கலன். ஒரு வேலைக்காகக் கட்டிய உடலின்மேல் வேறொரு வேலைக்கான எடையை உயரத்தில் ஏற்றி, அந்த எடை நகரும் மனிதர்களாகவும் இருந்துவிட்டால், எல்லோரும் ஒரே பக்கம் கொக்கைப் பார்க்க எழுந்து நிற்பதே படகைக் கவிழ்க்கப் போதும்.

பைலட் படகு இரண்டு மூன்று பணியாளர்களையும் இரண்டொரு பைலட்டையும் சுமந்து, மோசமான கடலிலும் சாய்ந்து நிமிர வேண்டும் என்பதற்காகவே எடை முழுவதும் கீழே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அறையை அலுமினியத்தில் செய்ததன் காரணமும் அதுவே. அந்த ஏற்பாட்டைக் குலைக்காமல் காப்பாற்றுவதுதான் இந்தப் படகைச் சீரமைப்பதன் முதல் கடமை என்பது என் உறுதியான கருத்து. வீட்டாரை உட்கார வைக்க முன்தளத்தையும் பின்தளத்தையும் பயன்படுத்துங்கள். அங்கே கைப்பிடிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அமைதியான தண்ணீரில், கயிறுகளை எல்லாம் தளர்த்திவிட்டு, டேங்குகளை முழுவதுமாக நிரப்பியோ காலியாகவோ வைத்துக்கொண்டு, ஓரத்தில் நின்று தாளத்தோடு மிதித்துப் படகை ஆட்டுங்கள். பிறகு மிதிப்பதை நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பலமுறை அளந்து சராசரி எடுங்கள். படகின் அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, வந்ததை அந்த நொடிகளால் வகுத்து, கிடைத்ததைத் தன்னாலேயே பெருக்கினால் நிலைத்தன்மை உயரம் (சாய்ந்த படகு நிமிரும் திறனைக் காட்டும் அளவு) தோராயமாக மீட்டரில் வரும். உங்கள் 3.8 மீட்டர் அகலத்துக்கு ஆட்டம் 3 நொடி என்றால் ஏறத்தாழ 1.03 மீட்டர், 4 நொடி என்றால் 0.58 மீட்டர்தான். வேலை தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் அளந்து எழுதி வையுங்கள். ஆட்டம் முன்பைவிட மந்தமாகியிருந்தால் எங்கோ உயரத்தில் எடை ஏறிவிட்டது என்று பொருள். இது சர்வேயர் முன்னிலையில் செய்யும் சாய்வுச் சோதனைக்கு மாற்றாகாது. உங்கள் சொந்த எச்சரிக்கைக்கு உதவும்.

பதிவைப் பொறுத்தவரை, காயலில் ஓட்டுவதற்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் பொருந்தும். அது 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. கேரளத்தில் கடல்சார் வாரியத்தின் துறைமுக அலுவலகத்தை அணுக வேண்டும். சர்வே முடிந்துதான் பதிவு. ஓட்டுபவருக்கும் எஞ்சின் பார்ப்பவருக்கும் உரிய தகுதிச் சான்று வேண்டும், ஆகவே சான்று பெற்ற ஒரு சிராங்கை (படகு ஓட்டுநரை) இப்போதே பார்த்து வையுங்கள். கடலுக்குப் போவது வேறு சட்டம். 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், பழைய விலக்குகளை நம்பி யாரோ சொல்வதைக் கேட்காமல், கொச்சியில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

அதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய தாள்கள்: துறைமுகம் முதல் வாங்குபவருக்குக் கொடுத்த விற்பனைக் கடிதம், பொருளை ஒப்படைத்த ஆணை, பழைய பதிவு ஏதும் இருந்தால் அது நீக்கப்பட்டதற்கான சான்று, வியாபாரி உங்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். ஏல அறிவிப்பின் நிபந்தனைகளையும் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். உடைப்பதற்காக மட்டுமே என்று விற்றிருந்தால் பதிவு அலுவலகத்தில் கேள்வி எழும், அதைத் தகடு வேலைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விளக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று கம்பத்தின் உச்சியில் நாற்புறமும் தெரியும்படி எரியும் இரண்டு விளக்குகள், 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 29ஆம் விதிப்படி, பணியில் இருக்கும் பைலட் படகுக்கு மட்டும் உரியவை. உங்கள் படகில் அவற்றை எரித்தால் உள்ளே வரும் கப்பல் உங்களைப் பைலட் என்று நம்பி வேகத்தைக் குறைக்கும், வழியை மாற்றும். விளக்குக் கூடுகள் நினைவுக்காக இருக்கட்டும், மின்கம்பியைத் துண்டித்துவிடுங்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் ‘பைலட்’ என்ற சொல்லையும் அழித்தாக வேண்டும்.

---

நித்திரவிளைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொச்சிக்குப் போய் வந்தேன். மேல்தட்டு யோசனையை மைத்துனர் தானே கைவிட்டுவிட்டார். தானூர்ச் செய்தியை அவர் மறந்திருக்கவில்லை. துறைமுகத்தின் விற்பனைக் கடிதமும் ஒப்படைப்பு ஆணையும் வியாபாரியிடமிருந்து கிடைத்துவிட்டன. நிபந்தனைகளில் உடைப்பதற்கு மட்டும் என்ற வரி இல்லை.

வலப்பக்க முன்தோளில் ஃபெண்டர் பட்டை வெளியே வளைந்திருந்த இடத்தில் ரப்பரை ஒரு கை நீளத்துக்குக் கழற்றச் சொன்னேன். போல்ட்டுகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை, எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுத்தார்கள். ரப்பரை நெம்பியதும் கறுத்த தண்ணீர் வழிந்தது. அதன் பின்னால் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து விரல் தடிமனுக்கு வந்தது. அதைச் சுரண்டிய பின் அளந்தபோது, மேலும் கீழும் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு அங்கே 2.6 மட்டும் காட்டியது. ஆனால் உள்ளே அந்த இடத்து வங்குகள் நேராகவே நிற்கின்றன, பற்றவைப்பில் கோடு எதுவும் தெரியவில்லை. இடப்பக்கத்தில் பட்டை நேராக இருக்கிறது. வலப்பக்கம் மட்டும் தகடு மாற்றினால் போதுமா? திரும்ப ஃபெண்டர் பொருத்தும்போது இதே கதை தொடராமல் இருக்க என்ன செய்யலாம்? காயலில்தானே நிற்கப்போகிறது, ஃபெண்டரே இல்லாமல் விட்டுவிடலாமா?

---

கொச்சி யார்டு

வங்குகள் நேராக இருப்பது பெரிய நல்ல செய்தி, ஐயா. இந்தப் படகுக்குச் செலவழிக்கலாம் என்று இப்போது துணிந்து சொல்வேன்.

இடப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். பட்டை நேராக இருப்பதால் உள்ளே துரு இல்லை என்று ஆகாது. போல்ட்டுகள் வலுவாக இருந்தால் பட்டை வளையாமலேயே தகடு கரையும். அணியம், நடு, பின்பகுதி என மூன்று இடங்களில் கை நீளத்துக்குத் திறந்து அளந்தால் போதும். வலப்பக்கத்தில் மெலிந்த பட்டையை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டும் கோடு மேலும் கீழும் நல்ல தகட்டுக்குள் போக வேண்டும், பக்கவாட்டில் வங்கின் மேலேயே முடியாமல் இரண்டு வங்குகளுக்கு இடையில் முடிய வேண்டும், மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூர்மூலையில்தான் பிற்காலத்தில் பிளவு தொடங்கும். ஒரே நேரத்தில் நீளமாக வெட்டினால் உடல் வடிவம் இழுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு துண்டை வெட்டி, பொருத்தி, பற்றவைத்து முடித்த பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும்.

ஃபெண்டரை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டைகள் உடலின் பக்கவாட்டை நீளவாக்கில் விறைப்பாக வைத்திருக்கின்றன. மேலும் ஃபெண்டரை எடுத்துவிட்டால் அது பைலட் படகாகவே இருக்காது. திரும்பப் பொருத்தும் முறையை மட்டும் மாற்றுங்கள். பட்டைகளை இடைவெளி விட்டுப் பற்றவைக்காமல், மேலும் கீழும் முழு நீளத்துக்கும் தொடர்ச்சியாகப் பற்றவைத்து நீர் புகும் வழியை அடையுங்கள். ரப்பர் உட்காரும் முன் உள்ளறையை மணல் வீச்சால் சுத்தம் செய்து, உடலுக்குப் பூசும் அதே எப்பாக்சியை அங்கேயும் முழு எண்ணிக்கையில் பூசுங்கள். கண்ணில் படாத இடம் என்று ஒரு பூச்சோடு நிறுத்த வண்ணக்காரர் பார்ப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். கீழ்ப் பட்டையில் ஒவ்வொரு வங்கு இடைவெளிக்கும் ஒரு வடிகால் துளை, விரல் நுழையும் அளவில் இருக்கட்டும். துளையின் விளிம்பையும் பூசாமல் விடக் கூடாது. போல்ட்டுகள் உடல் தகட்டைத் துளைக்காமல் இரண்டு பட்டைகளுக்கு ஊடாக மட்டும் குறுக்கே போகும்படி செய்தால், பின்னாளில் கழற்றுவது எளிது, உள்ளே நீர் கசியவும் வழியில்லை. துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டு வாங்கினால், அது இரும்புப் பட்டையைத் தொடும் இடங்களில் பிளாஸ்டிக் உறையும் வளையமும் போட்டு, நூல் மரையில் கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

பழைய ரப்பரைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வெயிலில் வெடிக்காத நீளங்களை வெட்டி எடுத்து, காயலில் படித்துறையோடு உரசும் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். புது ரப்பர் அணியத்துக்கும் இரண்டு தோள்களுக்கும் மட்டும் வாங்கினால் போதும். இடப்பக்க அளவுகள் வந்ததும் இங்கே எழுதுங்கள். மாற்ற வேண்டிய தகட்டின் பரப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். தளத்தில் டிசம்பர் இடத்துக்கு முன்பணம் கட்டும்போது, மணல் வீச்சும் முதல் பூச்சும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.